நிரந்தர அரச வேலையை விட்டு 18 மாத ஒப்பந்தத்துக்குப் போகலாமா?

கல்லாத்துப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு காலமும் இங்கே வாசிக்க மட்டும் வந்து போனவன், இப்போது எனக்கே ஒரு சிக்கல்.

2020இல் பட்டதாரிப் பயிலுனராக 20,000 ரூபா கொடுப்பனவில் உள்ளே வந்து, பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தராக நிரந்தரமானவன் நான். வேலை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பிரதேச செயலகத்தில், வீடு பெரியகல்லாற்றில். காலையில் குருமண்வெளித் துறையில் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், மோட்டார் சைக்கிளை ஏற்றி மண்டூரில் இறங்கிப் போவேன். மாரியில் காற்று எழும்பிப் பாதை நின்றால் களுவாஞ்சிகுடிக்கு வந்து பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். கழிவெல்லாம் போக மாதம் கையில் வருவது 68,000 அளவில்.

போன கிழமை ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தில் இருந்து அழைப்பு வந்தது. விவசாய வாழ்வாதாரப் புரொஜெக்ட், கள இணைப்பாளர் பதவி, மாதம் 145,000 ரூபா. 18 மாத ஒப்பந்தம், "நிதி கிடைத்தால் நீடிக்கலாம்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. அடுத்த முதலாம் திகதி சேர வேண்டுமாம்.

பேராசையில் கேட்கவில்லை. தங்கச்சிக்குக் கட்டுகிற வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. எங்கட பக்கம் தெரியும்தானே, பெண்பிள்ளைக்கு வீடு இல்லாமல் கலியாணப் பேச்சு நாலு வசனத்துக்கு மேல் போகாது. அப்பாவுக்கு இனி உழைக்கிற உடம்பில்லை. இந்தச் சம்பளத்தில் கூரை போட இன்னும் எத்தனை வருடமோ.

அம்மா சொல்லிவிட்டார்: "கவுண்மேந்து வேலைய விட்டுட்டு இந்தப் படி ஏறாத மனே." உங்கள் கருத்து என்ன?

---

வாவிமீன்:

விடாதே தம்பி. பென்சன். அவ்வளவுதான் என் பதில்.

---

பழைய புரொஜெக்ட்காரன்:

கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு மட்டக்களப்பும் அம்பாறையும் எப்படி இருந்தன என்று இப்போது முப்பது வயதில் இருப்பவர்களுக்குச் சரியாக நினைவிருக்காது. கல்லடி, கல்முனை, காரைதீவு, திருக்கோவில் என்று எந்தச் சந்தியில் நின்றாலும் ஒரு நிறுவனத்தின் பலகை தெரியும். ஓரளவு ஆங்கிலம் தெரிந்து, கணினியில் ஒரு அட்டவணை போடத் தெரிந்தால் போதும், வேலை தேடி வீட்டுக்கே வந்தது. அரச வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களை எனக்கு நேரில் தெரியும். அந்தக் காலத்தில் அவர்களைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை, பொறாமைதான் பட்டார்கள்.

2009இல் யுத்தம் முடிந்ததும் பணம் வன்னிக்கு நகர்ந்தது. பிள்ளைகுட்டி இல்லாதவர்கள் பின்னாலேயே கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போனார்கள். குடும்பக்காரர்கள் இங்கே தங்கி, ஆறு மாதம் இந்த நிறுவனம், நாலு மாதம் அந்த நிறுவனம் என்று ஓடிப் பார்த்தார்கள். பிறகு அங்கேயும் வற்றியது. 2012 பட்டதாரி நியமனத்தில் சிலர் திரும்ப உள்ளே வந்தார்கள், தங்களுக்குப் பிறகு படித்து வந்தவர்களோடு ஒரே வரிசையில், பயிலுனராக. பட்டம் இல்லாதவர்களுக்கும் வயது எல்லை தாண்டியவர்களுக்கும் அந்த வாசலும் இல்லை.

இது பழங்கதை என்று நினைத்தால் 2025 ஜனவரியைப் பாருங்கள். அமெரிக்க உதவியை அங்கே நிறுத்தி வைத்தார்கள், அந்தக் காசில் ஓடிய வேலைகள் இங்கே உடனே நின்றன. ஒப்பந்தத்தில் இன்னும் மாதக்கணக்கு மிச்சம் இருந்தவர்களும் வீட்டில் இருந்தார்கள். வேலை செய்தவரில் ஒரு பிழையும் இல்லை.

அதனால் தம்பி, 18 மாதம் என்ற எண்ணைப் பார்க்காதே. ஒப்பந்தத்தில் "இரு தரப்பும் இத்தனை நாள் முன்னறிவித்தலில் முடித்துக்கொள்ளலாம்" என்று ஒரு பிரிவு இருக்கும். அந்த நாட்கள்தான் உனக்கு உறுதியான ஒப்பந்தக் காலம். அது எவ்வளவு என்று பார்த்துச் சொல்லு.

---

பூநொச்சிமுனைக் காக்கா:

எல்லாரும் பயப்படுத்துறீங்க. நான் மறுபக்கம் பேசுறன்.

கல்முனையில் ஒரு கம்பனியில் நிரந்தரமாக இருந்தவன் நான். விட்டுவிட்டு வந்து இன்றுவரை ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறேன், பட்டினி கிடக்கவில்லை. ஒரு புரொஜெக்ட் முடிவதற்கு முன்னமே அடுத்ததுக்கு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும், அதுதான் தொழில் இரகசியம். கடைசி மாதம் வரை பார்த்துக்கொண்டு இருந்தவன்தான் வீட்டில் இருப்பான்.

அரச வேலையில் ஓய்வு வயது 60. தம்பிக்கு இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் கிடக்கு. அதே மேசை, அதே பதிவேடு, வருடத்துக்கு ஒரு சம்பள ஏற்றம். இங்கே வந்தால் வரவு செலவுத் திட்டம் எழுதப் பழகலாம், நன்கொடையாளருக்கு அறிக்கை எழுதப் பழகலாம், தொலைபேசியில் தரவு சேர்த்து அன்றிரவே கொழும்புக்கு அனுப்பப் பழகலாம். நாளைக்கு எந்த நாட்டில் விண்ணப்பம் போட்டாலும் அது நிற்கும். எனக்கென்றால் போ என்றுதான் சொல்லுவேன்.

---

வாவிமீன்:

காக்கா, உங்கட மனைவி அரச பாடசாலையில் ரீச்சர் என்று போன மாதம் வேறொரு இழையில் நீங்களே எழுதியிருந்தீங்க. அதையும் தம்பிக்குச் சொல்லணும்தானே 😄

---

பூநொச்சிமுனைக் காக்கா:

ஓம், அதுல என்ன ஒளிப்பு. வீட்டில ஒண்டு நிரந்தரமா இருந்தா மற்றது அலையலாம். தம்பிக்குக் கலியாணம் முடிஞ்சா?

---

கல்லாத்துப் பொடியன்:

இல்லை காக்கா. தங்கச்சிக்கு முதல் எனக்கு எப்படி?

---

கணக்குச்சட்டம்பி:

ஆளாளுக்குக் கதை சொல்கிறீர்கள், யாரும் எண்களைத் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

முதல் கேள்வி: அந்த 145,000 அடிப்படைச் சம்பளமா, அல்லது "எல்லாம் உட்பட" என்று போட்ட தொகையா? சில நிறுவனங்கள் தாங்கள் கட்ட வேண்டிய ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதத்தையும் ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதத்தையும் அதற்குள்ளேயே அடக்கி விளம்பரம் போடும். அப்படி என்றால் உண்மையான சம்பளம் 126,087. அதில் உங்கள் பங்கு 8 வீதம் கழிந்தால் கையில் 116,000. அடிப்படையே 145,000 என்றால் கையில் 133,400. இரண்டுக்கும் இடையில் மாதம் 17,400 ரூபா, ஒரே ஒரு சொல்லில் தங்கி நிற்கிறது.

மோசமான பக்கத்தை எடுப்போம். 116,000 கழி 68,000, மாதம் 48,000 மிச்சம். 18 மாதத்துக்கு 864,000. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தால், இப்போது வாங்குகிற சம்பளக் கணக்கிலேயே 544,000 போய்விட்டது. மிஞ்சுவது 320,000. அதற்காகத்தான் பென்சனை விற்கிறீர்கள்.

ஈ.பி.எப். கணக்கில் நாலரை இலட்சம் அளவில் சேரும், வட்டி வேறு. ஆனால் ஆண்களுக்கு அது பொதுவாக 55 வயதில்தான் கைக்கு வரும், கூரைக்கு உதவாது. ஈ.ரி.எப். வேலை விட்டதும் எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. பணிக்கொடைக்கு ஐந்து வருட சேவை வேண்டும், ஆகவே அது இல்லை. வருமான வரி பிரச்சினை இல்லை, மாதம் 150,000 வரை சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. நியமனக் கடிதத்தில் "ஊழியர்" என்று இருக்கா, "ஆலோசகர்" என்று இருக்கா? ஆலோசகர் என்றால் ஈ.பி.எப்.பும் இல்லை, லீவும் இல்லை, மாதம் 100,000க்கு மேல் போகிற கட்டணத்தில் 5 வீதம் பிடித்து வைத்துக்கொண்டு தருவார்கள்.

---

வெல்லாவெளி விவசாயி:

இதற்குள் நான் ஏன் வருகிறேன் என்று கேட்க வேண்டாம். எங்கள் பக்கம் வருகிற உத்தியோகத்தர் எல்லாரும் வந்த அன்றே இடமாற்றக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டுதான் வேலை தொடங்குகிறார்கள். நஷ்டஈட்டுப் படிவம் நிரப்பித் தர ஒரு ஆள் பழகி, எங்கள் வயல் வட்டைகளின் பெயர் எல்லாம் பாடமாகி வரும்போது அந்த ஆள் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்குப் போய்விடும். இப்போது புரொஜெக்ட் வேறா? சரி, போங்கள். புரொஜெக்ட்டிலும் படுவான்கரைக்குத்தானே வருவீர்கள், அதே ஆள் வேறு ரீசேட்டோட.

---

கல்லாத்துப் பொடியன்:

அண்ணன், நீங்கள் சொல்வது உண்மை, மறுக்க மாட்டேன். புரொஜெக்ட் பிரிவுகளில் வெல்லாவெளியும் இருக்கு.

---

வாவிமீன்:

அந்தப் பாதைக்குப் பதிலாக ஒரு பாலம் போட்டிருந்தால் பாதிப்பேர் இடமாற்றமே கேட்க மாட்டார்கள். மண்முனைக்கு 2014இல் பாலம் வந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் முகமே மாறிவிட்டது.

---

நெறியாளர்:

பாலத்துக்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கனவே நானூறு பதிவைத் தாண்டிவிட்டது. இங்கே வேலையைப் பற்றி மட்டும்.

---

திருக்கோவில் அக்கா:

பெண்பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். தம்பிக்கு நேரடியாகப் பொருந்தாது.

அரச சேவையில் பிரசவ லீவு 84 வேலைநாள் முழுச் சம்பளத்தோடு. தேவைப்பட்டால் இன்னும் 84 நாள் அரைச் சம்பளம், அதற்கு மேலும் 84 நாள் சம்பளமில்லாமல் எடுக்கலாம். தனியாரிலும் நிறுவனங்களிலும் சட்டப்படி 84 நாள் உண்டு. ஆனால் ஒப்பந்தம் அந்த 84 நாளுக்குள் முடிகிறது என்றால் என்ன நடக்கும்? எனக்கு நடந்தது: வயிறு தெரியத் தொடங்கிய பிறகு என்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் நீடிப்புக் கடிதம் வந்தது. யாரும் என்னை நிறுத்தவில்லை, திட்டவில்லை, காலம் முடிந்தது, அவ்வளவுதான். தொழில் திணைக்களத்தில் கேட்டபோது, நிலையான காலத்துக்கு எழுதிய ஒப்பந்தம் அதன் திகதியில் முடிவது பணிநீக்கம் ஆகாது என்றார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

கையெழுத்துப் போடுகிற பெண்கள் திகதியைப் பார்த்துப் போடுங்கள். மற்றபடி காக்கா சொன்ன மாதிரி அங்கே நிறையப் படித்தேன், அதையும் மறைக்கவில்லை.

---

கோப்பு இலக்கம் 7:

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், உத்தியோகத்தர்களின் நியமனம், லீவு பார்க்கிற தாபனக் கிளையில் இருந்த ஆள் நான். வேலையை விடுவதா இருப்பதா என்றே எல்லாரும் பேசுகிறீர்கள், மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது.

2022 நெருக்கடி நேரம் பொது நிருவாகச் சுற்றறிக்கை 14/2022 வந்தது நினைவிருக்கா? அரச உத்தியோகத்தர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவு எடுத்து வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ வேறு தொழில் பார்க்கலாம், சேவை மூப்புக்கும் பென்சனுக்கும் பாதிப்பில்லை என்று. எல்லாரும் அதை வெளிநாடு போகிறவர்களுக்கான கடிதம் என்றே நினைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு திருத்தங்களும் வந்தன. ஆகவே என் சொல்லை வைத்துக்கொண்டு போகாமல், உங்கள் தாபனக் கிளையில் கடைசித் திருத்தத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், கடிதத்தை வாசியுங்கள்.

சில விடயம் கவனம். ஒன்று, சேவை உறுதிப்படுத்திய கடிதம் கையில் இருக்கா? வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை, இரண்டாம் மொழிப் பரீட்சை எல்லாம் முடித்தீர்களா? அதை அரைகுறையாக விட்டுவிட்டு லீவில் போனால் திரும்பி வரும்போது தலையிடி. இரண்டு, பிரதேச செயலாளர் சிபாரிசுதான் செய்வார், அனுமதி மேலே இருந்து வர வேண்டும். மூன்று, இடர்கடன் (அரச உத்தியோகத்தருக்குச் சம்பளத்தில் கழிக்கிற கடன்) எடுத்திருந்தால் லீவில் சம்பளம் இல்லை என்பதற்காகத் தவணை நிற்காது. கட்டாவிட்டால் உங்களுக்குப் பிணை நின்ற உத்தியோகத்தர்களைத்தான் பிடிப்பார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம்: அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் ஒரு நாள்கூடப் புது இடத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். "விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், வரும்" என்று போனவர்களுக்கு வி.ஓ.பி. கடிதம்தான் வரும், பதவியைக் கைவிட்டவர் என்று. அதற்குப் பிறகு மேன்முறையீடு, விசாரணை என்று கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் ரயிலில் திரிய வேண்டும்.

---

கணக்குச்சட்டம்பி:

இது கிடைத்தால் என் கணக்கில் அந்த 544,000 வரியை வெட்டிவிடுங்கள். 19ஆம் மாதம் திரும்பிப் போய்க் கதிரையில் இருக்கலாம் என்றால் 864,000உம் முழுசாக நிற்கும். பென்சனும் நிற்கும். வேறு கணக்கு எனக்குத் தெரியவில்லை.

---

பழைய புரொஜெக்ட்காரன்:

எங்கள் காலத்தில் இப்படி ஒரு கடிதம் இருந்திருந்தால் எத்தனை வீடு நிமிர்ந்திருக்கும்.

---

மேசன் பாஸ்:

தம்பிக்குக் கூரைதானே பிரச்சினை? ஏன் வங்கியில் வீட்டுக்கடன் எடுக்கக் கூடாது? சம்பளம் வங்கிக்குப் போகிற நிரந்தர உத்தியோகத்தருக்குத் தருவார்கள். ஒப்பந்தக்காரன் போய் நின்றால் முகாமையாளர் முதல் கேட்பதே "ஒப்பந்தம் எப்ப முடியுது" என்றுதான். கடனை இப்போது எடு, பிறகு லீவில் போ, அந்தச் சம்பளத்தில் கட்டு.

---

திருக்கோவில் அக்கா:

பாஸ், கடன் எடுத்த கையோடு சம்பளமற்ற லீவு என்றால் வங்கி என்ன நினைக்கும்? போவதாக இருந்தால் அதையும் சொல்லித்தான் கடன் கேட்க வேண்டும். பிணை நிற்கிறவர்களும் மனுசர்.

---

மேசன் பாஸ்:

அக்கா சொல்வதும் சரிதான். நான் சீமெந்து விலையை மட்டும் பார்க்கிற ஆள். ஆனால் தம்பி, ஒன்று சொல்கிறேன், லிண்டலோடு சுவரை இன்னொரு மாரிக்குத் திறந்து விடாதே. மேல் வரிசைக் கல்லுக்குள் தண்ணி இறங்கும். கூரைக்குக் காசு வரும் வரை மேலே ஒரு மெல்லிய கொங்கிரீட் பூச்சாவது போட்டு மூடு. ஓடுதான் வேண்டும் என்று நிற்காமல் தகரம் போட்டால் மரச் செலவும் குறையும். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற நேரம் நிலமும் கதவும் இருந்தால் போதும், சீலிங்கை யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள்.

---

பூநொச்சிமுனைக் காக்கா:

😂 எங்கட பக்கம் அதையும் பார்ப்பாங்க பாஸ். பாத்ரூம் டைல்ஸ் வரைக்கும் பார்ப்பாங்க.

---

கல்லாத்துப் பொடியன்:

கேட்ட கேள்விகளுக்குப் பதில்.

145,000 எல்லாம் உட்பட. கணக்குச்சட்டம்பி அண்ணன் சொன்ன பிறகுதான் கேட்டேன், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஊழியர்" என்றுதான் இருக்கு, ஆலோசகர் இல்லை. முன்னறிவித்தல் ஒரு மாதம்.

சேவை உறுதிப்படுத்திய கடிதம் இருக்கு. சிங்களப் பரீட்சை எழுதி முடித்தேன். இடர்கடன் கொஞ்சம் மிச்சம், பிணை நின்ற இரண்டு பேரும் என் கிளைதான். அவர்களிடம் முதலில் சொன்னேன். ஒருவர் "கட்டிப்போட்டுப் போ" என்றார், மற்றவர் "எனக்கும் ஒரு இடம் பார்" என்றார்.

14/2022ஐயும் திருத்தங்களையும் தாபனக் கிளையில் பார்த்து வாசித்தேன். விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பிரதேச செயலாளரிடமும் கதைத்தேன், ஆள் குறைவு என்று முணுமுணுத்தார், சிபாரிசு தரமாட்டேன் என்று சொல்லவில்லை.

பிரச்சினை திகதிதான். நிறுவனம் முதலாம் திகதி என்று நிற்கிறது. அனுமதி அதற்குள் வராது.

---

பழைய புரொஜெக்ட்காரன்:

அப்படியானால் பந்து அவர்கள் பக்கம். எழுத்தில் கேள்: அனுமதிக் கடிதம் வரும்வரை சேரும் திகதியைத் தள்ளித் தருவீர்களா என்று. படுவான்கரைக் கிராமங்களையும் அங்குள்ள விவசாய அமைப்புகளையும் நேரில் தெரிந்த ஆள் அவர்களுக்கு லேசில் கிடைக்காது. ஒரு மாதம் பொறுக்க மாட்டாத நிறுவனம், நிதி குறைந்தால் உன்னை எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்று யோசி. கேட்கிற கையோடு சம்பளத்தையும் கேள். நியமனக் கடிதம் கையெழுத்தாகும் வரைதான் உனக்குப் பேரம் பேச முடியும், பிறகு 18 மாதமும் வாய் திறக்க முடியாது.

---

வாவிமீன்:

நான் இன்னும் பென்சன் கட்சிதான். ஆனால் லீவு என்றால் மறுப்பில்லை.

---

கல்லாத்துப் பொடியன்:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

சேரும் திகதியை ஆறு கிழமை தள்ளித் தந்தார்கள். அதற்கு மேல் முடியாது, அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று எழுத்தில் இருக்கு. சம்பளத்தில் அடிப்படை 132,000 என்று மாற்றினார்கள், அவர்கள் பங்கு அதற்கு வெளியே. கணக்குச்சட்டம்பி அண்ணனுக்கு ஒரு தேத்தண்ணி கடன்.

லீவு விண்ணப்பம் சிபாரிசோடு மேலே போய்விட்டது. கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று பார்க்க ஆள் பிடித்திருக்கிறேன். அந்த ஆறு கிழமைக்குள் கடிதம் வந்தால் போவேன், வராவிட்டால் வெல்லாவெளி அண்ணனுக்கு நஷ்டஈட்டுப் படிவம் நிரப்பிக்கொண்டு இங்கேயே இருப்பேன். மேசன் பாஸ் சொன்ன மாதிரி சுவருக்கு மேல் பூச்சுப் போட்டாச்சு.

அம்மாவிடம் "வேலையை விடவில்லை, லீவு" என்று சொன்னதும் சண்டை முடிந்தது. இப்போது அயலட்டை எல்லாம் "மகன் லீவுல பெரிய வேலைக்குப் போறான்" என்று அம்மாவே சொல்லித் திரிகிறார், கடிதம் இன்னும் வரவில்லை.

---

கோப்பு இலக்கம் 7:

121,000க்குக் குறையாமல் கைக்கு வரும் என்றால் நல்லது. கடிதம் வந்ததும் ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி சொந்தக் கோப்பில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும் திகதிக்கு இரண்டு மாதம் முதல் அறிவியுங்கள். அதே மேசை காத்திருக்கும் என்று நினைக்க வேண்டாம், மாவட்டத்தின் வடக்கு முனையில் வாகரைக்குப் போட்டாலும் போடுவார்கள்.

---

வெல்லாவெளி விவசாயி:

வாகரைக்காவது பாலம் இருக்கு.

---

செங்கலடி மிஸ்:

இந்த இழையை முழுசாக வாசித்தேன். நான் ஆசிரியர், மாகாண சபைப் பாடசாலை. இந்த லீவு எங்களுக்கும் கிடைக்குமா? அதிபர் "உங்களுக்கெல்லாம் இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

---

கோப்பு இலக்கம் 7:

மிஸ், அதிபர் சொன்னதை எழுத்தில் வாங்க முடியுமா பாருங்கள். மாகாணச் சேவை என்றபடியால் விண்ணப்பம் வலயக் கல்வி அலுவலகம் வழியாகப் போகும், விடயம் கொஞ்சம் வேறு. தனி இழை திறவுங்கள், நியமனத் திகதியையும் பாடத்தையும் மறக்காமல் போடுங்கள்.